இவன் ஏன் இப்படிக் கத்துகிறான்?

சாயங்காலம் ஆறரை மணி. விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷன். டிக்கெட் கேட்டைத் தாண்டியதும் நாலு வயதுப் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்கிறான். அடுத்த நொடி, ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். அம்மா குனிந்து தூக்கப் பார்க்கிறாள். அவள் கையைக் கடிக்கிறான். தோளில் தொங்கிய பை நழுவி, தண்ணீர் பாட்டில் உருண்டு எஸ்கலேட்டர் வரை போகிறது.

சுற்றி நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா?

"இன்னாம்மா, முதுகுல ரெண்டு போடு. தானா அடங்கும்."

"கேக்குறத வாங்கிக் குடுத்துடேன்மா, பாவம்."

"எல்லாம் இந்த செல்லு பண்ற வேலை. பொறந்ததுல இருந்து கையில குடுத்துடறாளுங்க."

வளர்ச்சிக் குறைபாடும் நடத்தைச் சிக்கலும் உள்ள பிள்ளையை வளர்க்கிற அம்மாக்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. ஸ்டேஷனுக்குப் பதில் ரேஷன் கடையாக இருக்கும், கல்யாண மண்டபமாக இருக்கும். வசனம் கொஞ்சம் மாறும். தீர்ப்பு மட்டும் மாறாது: அம்மாவுக்கு வளர்க்கத் தெரியவில்லை. அந்தப் பையனின் காதுக்குள் அப்போது என்ன கேட்டது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

காதுக்குள் ஒரு ஊர்

விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்கிற தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. சத்தம் இதன் கூடப்பிறந்தது. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி லைனில் எலெக்ட்ரிக் ட்ரெயினும் சரக்கு ரயிலும். இன்னொரு பக்கம் துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளின் ஏர் ஹாரன். 2021 பிப்ரவரி 14 முதல் தலைக்கு மேலே மெட்ரோ. இது போதாதென்று திருவிழா ஸ்பீக்கர், சாவு ஊர்வலத்து மேளம், சரவெடி.

இங்கே குடிவந்த யாருக்கும் பத்து நாளில் இது பழகிவிடும். தேவையில்லாத சத்தத்தை மூளை ஓரமாகத் தள்ளி வைத்துவிடும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளின் மூளை அப்படித் தள்ளி வைப்பதில்லை. எஸ்கலேட்டரின் உறுமல், ஒலிபெருக்கி அறிவிப்பு, பக்கத்தில் யாரோ பேசும் போன், ட்யூப்லைட்டின் ரீங்காரம் எல்லாம் ஒரே அளவில், ஒரே நேரத்தில் உள்ளே நுழைகின்றன. சில பிள்ளைகளுக்கு இதே சிக்கல் சட்டையின் லேபிளில் இருக்கும்; சிலருக்குத் தலைவாருவதில், சிலருக்குச் சாம்பாரில் மிதக்கும் தக்காளித் தோலில். மருத்துவ உலகம் பின்பற்றும் டி.எஸ்.எம். கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்தப் புலன் சிக்கலை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது.

'தாங்க முடியலைம்மா, வெளியே போகலாம்' என்று சொல்ல அந்தப் பையனிடம் வார்த்தை இல்லை. கத்தல் இருக்கிறது. பல் இருக்கிறது. அவன் எதையும் வாங்கித் தரச் சொல்லவில்லை. அதனால் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தாலும் அடங்கமாட்டான், முதுகில் போட்டாலும் அடங்கமாட்டான். அடித்தால் ஏற்கெனவே நிரம்பி வழிகிற இடத்தில் வலியும் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

அடம் பிடிக்கிற பிள்ளைக்கும் இப்படி உடைந்துபோகிற பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும், பார்க்கத் தெரிந்தால். அடம் பிடிக்கிறவன் ஓரக்கண்ணால் நம்மைப் பார்ப்பான்; கேட்டது கைக்கு வந்ததும் அழுகை நிற்கும். உடைந்துபோனவன் யாரையும் பார்க்கமாட்டான். எதைக் கொடுத்தாலும் நிற்காது. தானாக ஓய்ந்து, களைத்து, சில நேரம் அங்கேயே தூங்கிவிடுவான்.

அம்மா மேல் விழுந்த பழி

அம்மாவைக் குற்றம் சொல்வது எண்ணூர் நெடுஞ்சாலையில் பிறந்த பழக்கம் இல்லை. ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே அதைச் செய்தார்கள்.

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேன்னர் என்ற குழந்தை மனநல மருத்துவர், 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதை விரிவாக விவரித்த முதல் கட்டுரைகளில் ஒன்று அது. அதே கேன்னர் 1949-ல் எழுதியபோது, இந்தப் பிள்ளைகள் பாசம் உறைந்துபோன ஃப்ரிட்ஜுக்குள் வைக்கப்பட்டவர்கள் என்கிற பொருளில் பெற்றோரைச் சாடினார். 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்ற பட்டப்பெயர் அங்கிருந்து கிளம்பியது. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் ஒரு புத்தகமே எழுதி, அந்தப் பழியை உலகம் முழுக்கப் பரப்பினார். பிள்ளைக்கு வைத்தியம் கேட்டுப் போன எத்தனையோ அம்மாக்கள், தாங்கள்தான் நோய் என்று கேட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

அதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஓர் அப்பா. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்துத் தொகுத்து, இது வளர்ப்பால் வருவதில்லை, உடற்கூறு சார்ந்தது என்று 1964-ல் புத்தகம் எழுதினார். 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கேன்னரே மேடையேறி, பெற்றோர் மேல் குற்றமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1977-ல் வந்த இரட்டையர் ஆய்வு, இதில் மரபணுக்களின் பங்கைக் காட்டியது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998-ல் கிளப்பிவிடப்பட்ட கட்டுரையையும், அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றது.

ஆக, விஞ்ஞானம் அம்மாவை விடுவித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் மாமியார்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காக்களுக்கும்தான் தகவல் வந்து சேரவில்லை.

இது ஏதோ அபூர்வமாக வருவது என்கிற எண்ணமும் தப்பு. இந்தியாவில் ஐந்து இடங்களில், 2 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி., அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, வலிப்பு, காது கேளாமை என்று ஒன்பது வகைகளைக் கணக்கில் எடுத்ததில், ஏறக்குறைய எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதாவது ஒன்றாவது இருந்தது. உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

"அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்"

இந்த ஒரு வாக்கியம் தின்ற காலத்துக்குக் கணக்கே இல்லை. ஆம்பளப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், நாக்கில் வசம்பு தேய், கோயில் மணி கட்டு, இன்னொரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்... வடிவுடையம்மன் சந்நிதிக்கோ, பக்கத்துச் சர்ச்சுக்கோ தர்காவுக்கோ போய்க் கும்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை. கும்பிட்ட கையோடு டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் தப்பு.

12 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மழலை ஒலி எழுப்பவில்லை. 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. 18 மாதத்தில், 'அதோ பார்' என்று விரலால் எதையும் காட்டவில்லை. 24 மாதத்தில், 'பால் குடு' என்பது போல இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிட வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை எந்த வயதில் பேச்சை இழந்தாலும் உடனே ஓட வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பார்கள். அதுவே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

ஏ.டி.ஹெச்.டி. இன்னும் மோசமாக ஏமாற்றும். எல்லாப் பிள்ளைகளும்தான் ஓடும், ஆடும். வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலுமே, மாதக்கணக்கில், அந்த வயதுக்குப் பொருந்தாத அளவு கவனம் சிதறுகிறது, ஒரு நிமிடம் உட்கார முடிவதில்லை, யோசிக்காமல் சாலையில் இறங்கிவிடுகிறான் என்றால் அது வால்தனம் என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை. பள்ளிக்கூடங்களில் இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பெயர் 'ரௌடி'. பத்து வயதுக்குள் அவனே அதை நம்பத் தொடங்கிவிடுவான்.

மூன்று பத்தி நோட்டு

தெரபிஸ்ட்டுகள் பல பெற்றோருக்கு முதலில் கொடுக்கிற வீட்டுப்பாடம் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் மூன்று பத்தி. கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது. அவன் என்ன செய்தான். அதன்பின் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம். 'ரொம்பப் படுத்தினான்' என்றெல்லாம் எழுதினால் பிரயோஜனமில்லை.

பத்து, பதினைந்து நாள் எழுதிவிட்டு மொத்தமாகப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். தினமும் காலையில் எட்டு மணிக்குக் கத்துகிறான் என்றால், எட்டு மணிக்குக் குக்கர் விசில் அடிக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். பள்ளிக்குக் கிளம்பும்போது தலையில் அடித்துக்கொள்கிறான் என்றால், முடிவில் ஒவ்வொரு முறையும் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறான் என்பது மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கும். தலையில் அடித்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று அவனுக்கு நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், தெரியாமல்.

ஏதோ ஒன்று வேண்டும், ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும், யாராவது தன்னைப் பார்க்க வேண்டும், அல்லது உடம்புக்கு அந்த அசைவே இதமாக இருக்கிறது. பெரும்பாலான நடத்தைக்குப் பின்னால் இந்த நான்கில் ஒன்று இருக்கும். சில நேரம் ஐந்தாவதாக வலி இருக்கும். பேசத் தெரியாத பிள்ளைக்குப் பல் வலியும் மலச்சிக்கலும் காது வலியும் எப்படி வெளியே வரும்? கோபமாகத்தான் வரும். நேற்றுவரை அமைதியாக இருந்தவன் திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள்.

காரணம் தெரிந்தால் வழி பிறக்கும். குக்கர் வைக்கும் முன் அவனை மாடிக்கு அனுப்பலாம், காதை மூடும் ஹெட்போன் மாட்டலாம். கிளம்பும் முன் அன்றைய நாளைப் படமாகக் காட்டலாம்: வீட்டு வாசல், ஆட்டோ, ஸ்டேஷன், ரயில், ஆஸ்பத்திரி, திரும்ப வீடு. அடுத்து என்ன என்று தெரியாததுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். உடைந்துபோகிற நேரத்தில் புத்தி சொல்லக் கூடாது. பேச்சைக் குறைத்து, வெளிச்சத்தையும் கூட்டத்தையும் விட்டு விலக்கி, அடிபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? மேசைக்கு அடியில் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டால் அதுவே அவனுக்குக் குகை.

கேன்னர் எழுதிய அந்த 11 பிள்ளைகளில் முதல் பிள்ளையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். டொனால்ட் ட்ரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். மூன்று வயதில் அவனை ஒரு விடுதியில் விட்டுவிடச் சொன்னார்கள், விட்டார்கள். பிறகு மனசு கேட்காமல் பெற்றோரே திரும்ப அழைத்து வந்தார்கள். சில காலம் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் வளர்ந்தான். அளப்பதிலும் எண்ணுவதிலும் அவனுக்குப் பித்து. அந்தத் தம்பதி அதைத் தடுக்கவில்லை. கிணறு தோண்டி எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். சோளக் கொல்லையில் வரிசை எண்ணிக்கொண்டே இருந்தவனை, ஏர் ஓட்டிக்கொண்டே எண்ண விட்டார்கள். எண்ணிக்கையும் நடந்தது, உழவும் நடந்தது. டொனால்ட் கல்லூரி முடித்தார், உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளைச் சுற்றி வந்தார். 2023-ல் 89 வயதில் இறக்கும்வரை அந்த ஊர் அவரைத் தன் ஆளாகவே வைத்துக்கொண்டது. குடும்பம் வசதியானது, உண்மைதான். ஆனால் அந்தப் பண்ணைத் தம்பதிக்கு எந்த டிகிரியும் கிடையாது.

செல்போன் விவகாரம்

செல்போனைப் பற்றிப் பேசாமல் முடியாது. இதைப் படிப்பதே அதில்தானே. இரண்டு வயதுப் பிள்ளையைக் கார்ட்டூன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார வைத்தால் பேச்சு தாமதமாகும். நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது. அதைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் 'செல்போனால் வந்த ஆட்டிசம்' என்று ஒரு நோய் மருத்துவக் கையேட்டில் இல்லை. 'விர்ச்சுவல் ஆட்டிசம், போனைப் பிடுங்கினால் மூன்றே மாதத்தில் சரி' என்று யூடியூபில் வருகிற பேச்சை நம்பி, பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அதே போன், சில பிள்ளைகளுக்கு வாயாகவும் இருக்கிறது. அந்த வேலை தொடங்கியது நம் சென்னையில். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யா சாகர் அமைப்புடன் சேர்ந்து, பேச முடியாத பிள்ளைகளுக்காக 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது பேசும். பிறகு அது டேப்லெட்டிலும் போனிலும் ஓடும் செயலியாகி, தமிழிலும் வந்தது. தண்ணீர் படத்தைத் தொட்டு 'தண்ணி வேணும்' என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, தண்ணீருக்காகக் கடிக்க வேண்டிய அவசியம் குறையும். படம் காட்டிப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடுமோ என்று பயப்படும் பெற்றோர் உண்டு. அப்படி ஆவதில்லை, பல பிள்ளைகளுக்கு இது பேச்சுக்கே ஏணியாகிறது. செயலி இல்லாவிட்டால் காலண்டர் அட்டையில் படம் ஒட்டினாலும் போதும்.

வடக்கிலிருந்து தெற்குக்கு

அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழு வருகிற நாளில் பிள்ளையை வீட்டில் மறைத்து வைக்கிற அம்மாக்கள் உண்டு. அவர்களைத் திட்டி என்ன செய்ய? நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவார்களோ என்கிற பயம்.

விம்கோ நகரிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனை பக்கம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு சென்ட்ரல் வரை மெட்ரோவில் போய், அங்கே பச்சை லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன். இன்னும் விரிவான சோதனையும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் வேண்டுமென்றால் முட்டுக்காடு. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் அங்கே இருக்கிறது. ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் 2021 ஜூனில் தொடங்கியது. ஆனால் முட்டுக்காடு கிழக்குக் கடற்கரைச் சாலையில், நகரின் தெற்குக் கோடிக்கும் அப்பால். வடகோடியிலிருந்து ரயில், பஸ் மாறிப் போய்வந்தால் அன்றைய நாள் முடிந்தது. அப்பாவுக்கு ஆலையில் ஷிஃப்ட். லீவு போட்டால் சம்பளம் போகும். அதனால் போவது எப்போதும் அம்மாதான். வாரம் மூன்று நாள் தெரபி என்று சீட்டில் எழுதிவிடுவது சுலபம்.

இதற்கு ஓரளவு விடை கோவாவில் கிடைத்தது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளின் குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் லான்செட் மனநல இதழில் வந்தது. அங்கே வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதார ஊழியர்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அம்மாவுக்கே போட்டுக் காட்டி, 'இதோ இங்கே அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை' என்று சுட்டிக்காட்டினார்கள். எட்டு மாதத்தில், பிள்ளையின் போக்குக்குப் பெற்றோர் ஈடுகொடுப்பது கூடியது; பிள்ளையும் தானாக அவர்களிடம் வருவது கூடியது. முட்டுக்காட்டுக்கு மாதம் ஒரு முறை போய்க் கற்றுக்கொண்டு, மீதி நாள் வீட்டில் அரை மணி நேரம் செய்தால் வீண் போகாது என்று நம்ப இது இடம் தருகிறது. உங்கள் போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோவைத் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். மணிக்கணக்கில் விவரிப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் குணமாகும்' என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. தாலியை அடகு வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்தும் கிடையாது. கட்டுக்கடங்காத கோபம், தூக்கமின்மை, வலிப்பு போன்றவற்றுக்கு டாக்டர் மருந்து தருவார். அதை நாமாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

சான்றிதழ் என்ற சின்ன அட்டை

"சான்றிதழ் வாங்கினா புள்ள மேல முத்திரை குத்தின மாதிரி ஆயிடுமே" என்று தயங்குபவர்கள் அதிகம். முத்திரையை ஊர் ஏற்கெனவே குத்திவிட்டது; அட்டை வாங்கினால் உரிமையாவது கிடைக்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத உதவியாளர் போன்ற சலுகைகள் இருக்கின்றன. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் 'நிராமயா' காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இந்தத் தொகைகள் போதுமா என்றால், போதாது. போய்வரும் ஆட்டோவுக்கே கரைந்துவிடும். விண்ணப்பிக்காமல் விடுவதற்கு அது காரணமாகாது.

அம்மா எப்போது தூங்குவாள்?

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து விளையாடுகிற பிள்ளையோடு ஒருத்தி விழித்திருப்பாள். காலையில் அவள்தான் சமைக்க வேண்டும். கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடுவதை உறவுக்காரர்கள் மெல்ல நிறுத்திவிடுவார்கள். மூத்த பெண் பள்ளியிலிருந்து தோழிகளை வீட்டுக்கு அழைத்து வருவதை நிறுத்தியிருப்பாள். அதை அம்மா கவனித்திருப்பாள், கேட்கமாட்டாள். அப்பாக்களில் சிலர் ஓவர்டைமில் ஒளிந்துகொள்வார்கள். எல்லாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் அலையில் நிற்க வைக்கிற அப்பாக்களும் உண்டு. அந்த இரண்டு மணி நேரம் அம்மாவுக்கு மாதச் சம்பளத்தைவிடப் பெரிது.

வாரத்தில் ஒரு சாயங்காலமாவது வேறு யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். பாட்டி, சித்தி, மாமா, யாரானாலும் சரி. "நாங்க எப்படிம்மா பாத்துக்கிறது, பயமா இருக்கு" என்பார்கள். முதல் நாள் பதினைந்து நிமிடம் இருக்கட்டும். அவன் என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், எந்தப் பாட்டுக்கு அமைதியாவான் என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அம்மா ஒருத்தியின் தலைக்குள் மட்டும் இருக்கிற விஷயங்கள் வீட்டுக்குப் பொதுவாகும்.

இத்தனைக்கும் கீழே, யாரிடமும் சொல்லாத ஒரு கேள்வி அவளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குப் பிறகு இவனுக்கு யார்? 18 வயதான பின் பெற்றோரே ஆனாலும், மகனின் சொத்து, பணம் விஷயத்தில் சட்டப்படி முடிவெடுக்கக் காப்பாளர் நியமனம் தேவைப்படலாம். 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு அந்த நியமனத்தைச் செய்யும். அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று மனசுக்குள் முடிவு செய்துவிடாமல், அந்த அக்காவிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லாவிட்டாலும், பல் தேய்க்க, துவைக்க, காசு எண்ண, தெரு தாண்ட அவனுக்குப் பழக்கிவிடுவதில் ஒவ்வொன்றும் பிற்காலத்தில் ஒருவரின் சுமையைக் குறைக்கும். அதனால்தான் தெரபிஸ்ட்டுகள் ரைம்ஸை விட்டுவிட்டுச் சட்டை பட்டனைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மெட்ரோ ஸ்டேஷனில் அந்தப் பையன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறான். பக்கத்தில் நிற்பவர் செய்ய அதிகமில்லை. கூட்டம் சேராமல் நாலு அடி தள்ளி நிற்கலாம், மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லலாம். யாராவது போனில் வீடியோ எடுத்தால், வேண்டாம் என்று சொல்லலாம். "ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று ஒரே ஒரு முறை, மெதுவான குரலில் கேட்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். எஸ்கலேட்டர் பக்கம் உருண்டுபோன தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவள் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம்.